இடப்பக்கம் உட்கார்ந்து சொன்னது

என் மாலினி அப்பாவுக்கு,

சௌக்கியமா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. எனக்குச் சௌக்கியமில்லை. இரண்டு நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நிற்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. நான் கார் ஓட்டுகிறேன்! மஸ்ஜித் தானா வீட்டிலிருந்து தெங்கேரா கடைக்கு நானே வேலைக்குப் போய் வருகிறேன். துணைக்கு உங்கள் பென்டிரைவ் பாட்டுகள். ஆனால் அவற்றோடு நான் படும் பாடு இருக்கிறதே! ஒன்று காதிலேயே விழாது. கூட்டி வைத்தால் அடுத்தது கண்ணாடி அதிரக் கத்தும். சுங்கை ஊடாங் பக்கம் ஒருநாள் திடுக்கிட்டு பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரனிலேயே திட்டித் தீர்த்தான்.

மாலினியிடம் சொன்னேன். "ஈசிலா மா, எல்லாத்தையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டாந்துரலாம்" என்று லேப்டாப்பைத் திறந்தாள். எந்தப் பாட்டை எவ்வளவு கூட்டவேண்டும், குறைக்கவேண்டும் என்று அதுவே அளந்து காட்டுமாம். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது.

"மா, பழைய பாட்டுல ரெண்டு பக்கமும் ஒரே அளவு. அப்பா கடைசியா சேர்த்ததுல மட்டும் இடது பக்கச் சத்தம் ஏறிக்கிட்டே போவுது. அவரேதான் கூட்டி வச்சிருக்காரு."

"எதுக்குடி?"

"அப்பாவுக்கு இடது காது கேக்காம போயிருக்கும்மா."

போனை எப்போதும் வலது காதில் வைத்தது, பேசினால் தலையைத் திருப்பிக்கொண்டது, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எத்தனை சண்டை! கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று, "செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நீங்கள் சிரித்துக்கொண்டே போவீர்கள். ஏங்க, அன்றைக்காவது சொல்லியிருக்கக் கூடாதா? என்னிடம் என்ன வெட்கம்?

என்னை அலைக்கழிப்பது அதுவும் இல்லை. காரில் நீங்கள் ஓட்டுவீர்கள், நான் உங்கள் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பேன். நாம் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அங்கேதான். கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, உங்களைக் கட்டிக்கொண்டதற்கு ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை என்று சொன்னேன். இத்தனை வருஷத்தில் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதுவும் கூச்சப்பட்டுக்கொண்டு, மெல்ல. நீங்கள் ரோட்டைப் பார்த்தபடி "ம்" என்றீர்கள்.

கேட்டதா உங்களுக்கு? பாட்டு வேறு ஓடிக்கொண்டிருந்ததே.

மாலினி பாட்டுகளைச் சமன் செய்து தந்துவிட்டாள். கார் ஓட்ட அதுதான் வேண்டும். நீங்கள் வைத்திருந்ததை அப்படியே தனியாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

இன்று காலை பொறுக்க முடியவில்லை. மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னால் நின்று அதே வார்த்தைகளைத் தொண்டை கிழியக் கத்திச் சொன்னேன். பக்கத்து வீட்டு ரோகையா அக்காவுக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய் வேலியோரம் ஓடிவந்து, "கெனாப்பா, காக்?" என்றாள். ஒன்றுமில்லை, புருஷனோடு பேசுகிறேன் என்றேன். அவள் உள்ளே போய்த் தன் வீட்டு டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

நாளைக்கும் சொல்வேன். உங்களுக்குக் கேட்கும்வரை சொல்வேன்.

உங்கள்
மாலினி அம்மா