என் கைக்கு வந்த பந்து

பாப்பாவின் அம்மாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? நான் நலம், மானம்தான் கொஞ்சம் போயிற்று. நான் கூட்டுகிற பள்ளியில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து தத்துவம் பேசுகிறார்கள். பந்து யார் கையிலோ அவர்தான் பேச வேண்டும். நேற்று உருண்டு வந்ததை நான் குனிந்து எடுத்துவிட்டேன்.

ஒரு வாண்டு விடவில்லை. “பந்து உங்ககிட்ட இருக்கு அங்கிள், நீங்கதான் சொல்லணும். கொடுத்த வாக்கை மீறலாமா?”

துடைப்பமும் கையுமாக முழித்தேன். “தெரியலம்மா.”

“அதுவும் பதில்தான்,” என்றார் டீச்சர். எல்லாரும் கைதட்டினார்கள்.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. செருப்பு வாங்க வேண்டும், அளவு தெரியவில்லை. மூன்று மாடி கூட்டியதில் முதுகு கழன்றுவிட்டது, படுக்கிறேன்.

அந்த வட்டத்தில் நான் சொல்லாதது ஒன்று. இந்த வருஷம் ஊருக்கு வந்துவிடுவேன் என்று பாப்பாவிடம் சொல்லியிருந்தேன். அன்று காலைதான் இங்கேயே இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்க்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.