நடந்தால் போதும்

தோஹா
12.01.2024

அன்பான வாப்பாவுக்கு,

சஃபீர் ஸலாம் சொல்லி எழுதுகிறேன். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

மீரா சாகிபு மாமா லீவு முடிந்து நேற்று வந்தார். விடியற்காலையில் நீங்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் ஓடியதைப் பார்த்தாராம். “ஏலே, ஒங்க வாப்பா இந்த வயசுல எந்தப் பந்தயத்துக்கு ஓடுறாரு?” என்று கேட்கிறார்.

அறுபத்தொன்பது வயது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இங்கே ஒரு டாக்டரிடம் விசாரித்தேன். உங்கள் வயதில் உடம்பு நன்றாக இருக்க ஓடத் தேவையில்லை, தினம் அரை மணி நேரம் நடந்தால் போதும் என்றார். உம்மா இதற்கெல்லாம் எப்படிச் சும்மா விடுகிறார்கள்? போனில் “சாப்பிட்டியா” என்று என்னை மட்டும் மூன்று தடவை கேட்கத் தெரிகிறது!

உங்கள் மகன்,
சஃபீர்

•

தேவிபட்டினம்
29.01.2024

மகன் சஃபீருக்கு,

நீ கடிதமாக எழுதியது நல்லதாகப் போயிற்று. போன் பேசும்போது உம்மா பக்கத்திலேயே இருப்பாள். அவளை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல வாய் வரவில்லை.

உடம்புக்காக நான் ஓடவில்லை. உன் உம்மாவுக்கு நினைவு தப்பத் தொடங்கிப் பத்து மாதம் ஆகிறது. மதியம் மூன்றரை ஆனால், “புள்ள பள்ளிக்கூடம் விட்டு நிப்பான்” என்று கேட்டைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுகிறாள். நடை இல்லை, ஓட்டம். என்னைவிட ஆறு வயது இளையவள், உடம்பில் சதையும் இல்லை. முதல் தடவை நடந்துதான் பின்னால் போனேன். அதற்குள் பெரிய ரோட்டுக்குப் போய்விட்டாள். கோயிலுக்கு வந்த வேன்காரர் பிரேக் போட்டதால் தப்பினாள்.

மறுநாளிலிருந்து விடியலில் ஓடிப் பழகுகிறேன். இப்போது டீக்கடை தாண்டுவதற்குள் பிடித்துவிடுகிறேன். பிடித்தாலும் மறிக்க மாட்டேன். பள்ளிக்கூடம் வரைக்கும் கூடவே போய், “இன்னைக்கு லீவாம் சுலைகா” என்பேன். சமாதானமாகித் திரும்பி வருவாள்.

நீ படித்த காலமெல்லாம் நான் சவுதியில் இருந்தேன். அந்த ரோட்டில் தினமும் உனக்காக நடந்தவள் அவள். இப்போதுதான் நானும் கூடப் போகிறேன்.

உன் வாப்பா,
ஹமீது

•

தோஹா
10.02.2024

வாப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. இதை என்னிடம் மறைத்திருக்கக் கூடாது.

ஆனாலும் ஓடாதீர்கள். ரோட்டில் நீங்கள் விழுந்தால் உம்மாவை யார் பார்ப்பார்கள்? கேட்டுக்குப் பூட்டுப் போடுங்கள். இரண்டு மாதம்தான், ஏப்ரலில் லீவு தருவதாகச் சொல்கிறார்கள். நான் வந்து ஏதாவது ஏற்பாடு செய்கிறேன். அதுவரை பூட்டியே இருக்கட்டும். என் மேல் ஆணையாகக் கேட்கிறேன்.

சஃபீர்

•

தேவிபட்டினம்
06.03.2024

சஃபீருக்கு,

நீ சொன்னபடி பூட்டினேன். ஓடுவதையும் நிறுத்தினேன்.

முதல் நான்கு நாள் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். “என்னய ஏன் அடைச்சு வச்சிருக்கீக? நா என்ன தப்பு செஞ்சேன்?” என்று கேட்டாள். ஐந்தாம் நாள் மூன்றரைக்கு அவள் எழுந்திருக்கவே இல்லை. பிறகு சோற்றுக்கும் வாய் திறக்கவில்லை. ராமநாதபுரத்திலிருந்து டாக்டர் வந்து பார்த்தார். காலில் வலு போய்விட்டது, இனிப் படுக்கைதான் என்றார். இந்த வியாதி இப்படியும் முற்றும், பூட்டியதால்தான் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அவர் போனதும் கேட்டை அகலத் திறந்து வைத்தேன். “வா சுலைகா, புள்ளயக் கூப்பிடப் போவோம்” என்று கையைப் பிடித்தேன். “நீங்க யாரு?” என்றாள்.

என் உயிரை நினைத்துத்தான் நீ சொன்னாய். பூட்டியது என் கை. எல்லாம் தெரிகிறது. ஆனாலும் உன் குரலைக் கேட்டால் வாய் தவறி ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மூன்று நாளாகப் போனை எடுக்காதது அதனால்தான்.

ஏப்ரல் வரை காத்திருக்காதே, இப்போதே வா. உம்மா பக்கத்தில் உட்கார். கஞ்சி ஊட்டு, உன் கையால் இரண்டு வாய் குடித்தாலும் குடிப்பாள். என்னிடம் மட்டும் கொஞ்ச நாளைக்கு ஒன்றும் பேசாதே.

ஹமீது