அடைக்கக் கூடாத ஓட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் இடுப்பில் கன்றிப்போன ஓர் இடம் தவிர. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் அதை அப்பாவிடம் மட்டும் சொல், என்னிடம் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசிக்கொண்டிருந்தபோது நான் ஐயோ என்று கத்தியதும் ஃபோன் அடங்கிப்போனதும் என்னவென்று அப்பா உனக்குச் சொன்னது பாதிக்கதை. அம்மா சமையலறையில் வழுக்கி விழுந்தாள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார், அதைக் கேட்டு நீ உன் கம்பெனியின் இந்த ஊர்க் கிளைக்கே மாற்றல் கேட்டு மாதக் கடைசியில் படிவம் கொடுக்கப்போவதாகச் சொன்னாயாம், அம்மாவால சமாளிக்க முடியலப்பா என்றாயாம். மணி பதினொன்று ஆகிறது, தூக்கம் வரவில்லை. என் ஃபோன் ரிப்பேர் கடையில் கிடக்கிறது. அப்பா ஃபோனில் பேசலாம்தான், ஆனால் பக்கத்தில் நின்று திருத்தம் சொல்லிக்கொண்டே இருப்பார், அதனால் முழுக்கதையையும் எழுதிவிடுகிறேன்.

சிங்க்கும் மேடைக்கல்லும் சேரும் இடத்தில் பழைய சிலிக்கான் பசை உரிந்து, கீழ் அலமாரியில் அரிசி டப்பாவரை ஈரம் என்று உனக்கு நாளுக்கு நாலு தடவை சொன்னேன் அல்லவா. நீ இருந்தவரை இதெல்லாம் உன் இலாகா. அப்பா கையில் சுத்தியலைக் கொடுத்தால் முதுகு சொறிந்துகொள்வார். பிளம்பர் வருகிறேன் வருகிறேன் என்று ஏமாற்றுகிறான் என்று உன்னிடம் புலம்பிவிட்டு, வெள்ளிக்கிழமை நானே ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிலிக்கான் டியூபைக் கொடுத்து, பழசைச் சுத்தமா சுரண்டிடுங்கக்கா, ஈரம் இருக்கக் கூடாது, எங்கெங்க இடுக்கு தெரியுதோ அங்கெல்லாம் விட்டுடுங்க, ஒரு நாள் முழுக்கத் தண்ணி படாம பாத்துக்கோங்க என்றார். நான் சும்மா வந்திருக்கலாம். இதில் வரும் வாடை அசிட்டிக் அமிலம் என்று அவருக்கே பாடம் எடுத்துவிட்டு வந்தேன். இருபது வயதில் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதி வாங்கிய வேதியியல் பட்டத்தை வேறு எங்குதான் காட்டுவது.

பிளேடால் சுரண்டினேன், துடைத்தேன், தலை உலர்த்தும் மெஷினால் காய வைத்தேன், சிலிக்கானை இழுத்துவிட்டு சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் நீவினேன். பார்க்க எலும்பும் தோலுமாக ஒரு பாம்பு படுத்திருப்பதுபோல் இருந்தது, ஆனால் இடைவெளி இல்லை. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். சிங்க் தொட்டியின் உள்சுவரில், மேலே, ஒரு சின்ன ஓட்டை கண்ணில் பட்டது. இதை எப்படி இத்தனை நாள் விட்டுவைத்தோம் என்று பதறிப்போய், டியூபில் மிச்சம் இருந்ததையெல்லாம் அதற்குள் பிதுக்கி அடைத்தேன். தொட்டி நிரம்பினால் தண்ணீர் வெளியே வழியாமல் கழிவுக் குழாய்க்குள் இறங்கத்தான் அந்த ஓட்டை என்று உனக்குத் தெரியும், அப்பாவுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஓட்டை என்றாலே பயம், வேறென்ன.

சனிக்கிழமை பூராவும் பாத்திரத்தைக் குளியலறையில் கழுவினோம். ஞாயிறன்று அடித்துளையை மூடிவிட்டு, குழாயைத் திறந்து தொட்டியை நிரம்பவிட்டேன், உனக்கு வெற்றிச் செய்தி சொல்லக் கூப்பிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் மேடையில் வழிந்து, தரையில் ஓடி, என் காலடிக்கு வந்துவிட்டது. ஃபோன் ஒருபக்கம், நான் ஒருபக்கம். அப்பா ஓடிவந்து என்னைத் தூக்காமல் முதலில் குழாயை மூடினார், பிறகு எட்டிப்பார்த்து, ஏம்மா, இதையுமா அடைச்ச என்றார். இடுப்பில் அடி ஒன்றும் பெரிதில்லை, மாடிப்படி ஏறி இறங்குகிறேன், அப்பாவிடம் வேண்டுமானால் தனியாகக் கேட்டுக்கொள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பிளம்பரை நான் கூப்பிடவே இல்லை. அவர் வந்து அரை மணியில் சரிசெய்துவிட்டால், உன்னைப் பகல் பதினொரு மணிக்குக் கூப்பிட என்னிடம் என்ன காரணம் இருக்கும் என்று தோன்றியது. நீ வேலைக்கு நடுவே வராந்தாவுக்கு வந்து, சொல்லும்மா என்று குரலைத் தாழ்த்திப் பேசுவாய், அது எனக்குப் போதும். அதை நீ அம்மாவால் முடியவில்லை என்று எடுத்துக்கொள்வாய் என்று இந்தப் பட்டதாரிக்கு உறைக்கவில்லை. நேர்முகத்துக்கு மூன்று முறை போய்த் தலைமை அலுவலகத்தில் வாங்கிய வேலை அது. அதை என் ஒழுகலுக்காக விட்டுவிட்டு நீ வந்து நின்றால், உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்.

ஓட்டையில் அடைத்ததைக் குடைந்து எடுத்துவிட்டேன். ஒழுகல் நின்றுவிட்டது என்று எழுத ஆசை, ஆனால் ஒரு மூலையில் இன்னும் சொட்டுகிறது, மணிக்கு இரண்டு சொட்டு. அடுத்த ஞாயிறு அந்த மூலையை மட்டும் மறுபடி சுரண்டுவேன். அதுவும் சரிவராவிட்டால் பிளம்பரை நிஜமாகவே கூப்பிடுவேன். இனி உன்னைச் சாயங்காலம் ஒருமுறைதான் கூப்பிடுவேன், காரணம் இல்லாமலே.

எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு, கண்ணு. வெந்நீர் குடி. அந்தப் படிவத்தைக் கிழித்துப்போட்டு, கிழித்ததைப் படம் எடுத்து அப்பா ஃபோனுக்கு அனுப்பு. உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, என் சுபாவம் அப்படி.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா