வால்வுகளை மூடிப் பார்க்கும் நகல்

மார்ச் 3, செவ்வாய்

தலைகால் புரியவில்லை இன்று. ஊரின் குடிநீர்க் குழாய் முழுவதும் என் கணினிக்குள் வந்துவிட்டது. வால்வும் குழாய்ச் சந்திப்பும் புள்ளிகள், குழாய்கள் கோடுகள். இப்படி வைத்த தரவுக்குத்தான் கிராஃப் என்று பெயர். அதைக் கையாள ஒன்பது சின்ன ஃபங்ஷன்கள், அதாவது ஆளுக்கொரு வேலை செய்யும் நிரல் துண்டுகள், எழுதியிருக்கிறேன். இந்தப் புள்ளிக்கு அடுத்தது எது, இங்கிருந்து அங்கே போக முடியுமா, இந்தக் கோட்டை எடு, முழுதையும் நகலெடு... ஒவ்வொன்றும் பத்து வரிகூட வராது. சேர்த்து ஓட்டினால், குழாய் உடைந்த இடத்தைச் சொன்னதும் மூட வேண்டிய வால்வுகளைச் சொல்லிவிடுகிறது!

சாப்பிடும்போதும் இதையே பேசியிருக்கிறேன் போல. "உடைஞ்ச குழாயை மூட வால்வு இருக்கு. உன்னை மூட எது?" என்றார் என் வீட்டுக்காரர்.

மார்ச் 5, வியாழன்

நாளை எங்கள் குடிநீர் அலுவலக மேலாளருக்குக் காட்ட வேண்டும். அவருக்குத் திருப்தி என்றால் இதையே வைத்துக்கொள்வார்களாம். இல்லையென்றால் வெளி நிறுவனத்திடம் வாங்குவார்கள், நான் பழையபடி தண்ணீர் வரி ரசீதின் அச்சு வடிவத்தைச் சரிசெய்யப் போக வேண்டும். மறுபடியும் அந்த ரசீதா? செத்தாலும் மாட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

மானம் போச்சு.

முதல் கேள்விக்கு என் நிரல் மூன்று வால்வு சொன்னது. களப் பொறுப்பாளர் தலையாட்டினார். வால்வு திருப்பும் நீளச் சாவியோடே அலைவதால் அவரை எல்லோரும் சாவி அக்கா என்போம். அடுத்த தெருவை அவரே கேட்டார். ஒரே ஒரு வால்வு போதும் என்றது.

"அதை மட்டும் மூடினா தெரு குளமாயிடும்மா" என்றார். குரலில் கேலி இல்லை, அதுதான் வலித்தது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இத்தனை நாள் சரியா வந்தது இன்னைக்கு மட்டும் ஏன் காலை வாரணும்?

மார்ச் 7, சனி

துணி மடித்தேன்.

மார்ச் 9, திங்கள்

பிடித்துவிட்டேன்!

ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டேன். முதலில் மூன்று வால்வு, அப்புறம் ஒன்றுமே மூட வேண்டாமாம். உட்கார்ந்த இடத்திலேயே கைதட்டிவிட்டேன், பக்கத்து மேஜைக்காரர் பயந்துபோனார்.

குற்றவாளி நகலெடுக்கும் ஃபங்ஷன். வால்வுகளை நகலில்தான் மூடிப் பார்க்க வேண்டும், அசலைத் தொடக் கூடாது. நான் புள்ளிகளை மட்டும் நகலெடுத்திருக்கிறேன். அவற்றின் கோடுகளை அசலும் நகலும் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. வால்வை மூடுவது என்றால் அதன் கோடுகளை எடுப்பதுதான், ஆகவே நகலில் மூடியதெல்லாம் அசலிலும் மூடிக்கொண்டது. அதனால்தான் முதல் பதில் எப்போதும் சரி, இரண்டாவது எப்போதும் கோணல். என் சோதனைகள் ஒவ்வொன்றும் கிராஃபைப் புதிதாக ஏற்றி ஒரே கேள்வியோடு நின்றன. அடி முட்டாளே!

திருத்தம் இரண்டு வரி. இருநூறு கேள்வியை வரிசையாகக் கேட்டேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மேலாளர் பாதிதான் கேட்டார். களத்தில் சாவி அக்கா ஒத்துக்கொண்டால் பார்க்கலாம், மாதக் கடைசிவரை நேரம் என்றார். போதும், போதும்!

மார்ச் 18, புதன்

காலை பத்தே முக்காலுக்குச் சாவி அக்காவிடமிருந்து போன். பள்ளி பக்கத்தில் குழாய் உடைந்திருக்கிறது. இரண்டு வால்வு எண் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி அவரே.

"இருபத்திரண்டாம் நம்பர் துருப்பிடிச்சுப் போச்சு, திரும்ப மாட்டேங்குது. அது இல்லாம என்ன வழி?"

இரண்டாவது கேள்வி. இருபத்திரண்டை வால்வாகவே எண்ணாமல் சாதாரணச் சந்திப்பாக வைத்துத் தேடச் சொன்னேன். அதற்கு அப்பால் போய் இரண்டு வால்வைக் கண்டுபிடித்தது. கூடுதலாகப் பத்தொன்பது வீட்டுக்குத் தண்ணீர் நிற்கும், வேறு வழியில்லை. சொன்னேன். கால் மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நின்னுடுச்சு" என்றார்.

வெளி நிறுவனத்தை வர வேண்டாம் என்று மேலாளர் போனில் சொன்னது மதியம் என் மேஜைவரை கேட்டது.

நாலு மணிக்குச் சாவி அக்கா சேற்றுக் காலோடு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து கசங்கிய குறிப்பேட்டை எடுத்தார். திரும்பாத வால்வுகளின் எண்கள், அவர் இதுவரை யாரிடமும் காட்டாதது. இருபத்திரண்டோடு சேர்த்துப் பதினைந்து.

"இதையும் உன் கணக்குல ஏத்திடு" என்றார். அவர் வாசிக்க வாசிக்க நின்றுகொண்டே தட்டினேன்.