தோழர் கா. ராஜம்

1934 மே 3, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை. அண்ணனுடைய வெள்ளைக் கோட்டை இஸ்திரிப் பெட்டியை வைத்தே காய வைத்தேன். டோபிக்குப் பட்டியல்: வேட்டி 4, கோட் 2, அப்பாவின் காக்கி 2, சேலை 5. அப்பா ஈப்போ லைனில் என்ஜின் ஓட்டுகிறார், பதினாறாம் தேதிதான் வீட்டுக்கு வருவார். அதுவரை இந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் மா. வைத்ததுதான் சட்டம். (மா. = மாணிக்கம், அண்ணன். முழுப் பெயரை எழுதக் கை வரவில்லை.)

சாப்பிடும்போது மா. வாசகசாலைக்கு வந்த கடிதம் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். இவன்தான் செயலாளர். சத்தமாக வாசித்தான். கிள்ளானிலிருந்து தோழர் கா. ராஜம் எழுதியது.

"என்னா எழுத்து! பேரைப் பாரேன், நம்ம பாப்பா பேருதான். ஆனா இந்த மனுசனுக்குத் தலையில மூளை இருக்கு."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் வாக்கியத்தைத் தப்பான இடத்தில் நிறுத்தி வாசித்தான். சிரித்துவிட்டேன்.

ஒரு அறை. இடது கன்னம். "ஆம்பள பேசறப்ப என்னடி இளிப்பு?"

கடிதத்தில் இருந்தது ஒரு தீர்மானம். பெண்களையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும், 13ஆம் தேதி ஆண்டுக்கூட்டத்தில் வைக்க வேண்டும். மா. அதற்குக் கோபப்படவில்லை. "போட்ரலாம். மேடைக்கு நல்லாருக்கும். எவ வரப்போறா?" என்றான்.

நான் பொய் சொல்லவில்லை. போன வருஷம் கிள்ளானில் இருக்கும் தோழி மேரி வீட்டு விலாசத்திலிருந்து வாசகசாலையில் சேர விண்ணப்பம் போட்டேன். கா. ராஜம், காளிமுத்துவின் மகளுடைய உண்மைப் பெயர். ஆணா பெண்ணா என்று படிவம் கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. 'தோழர்' என்று போட்டது அவர்கள்தான். சீர்திருத்தக்காரர்கள் அல்லவா, எல்லாரும் தோழர்.

கன்னம் எரிகிறது. நாளை பாசாரில் கருவாடு வாங்க வேண்டும்.

மே 6, ஞாயிறு

வெயில். மேரி கிள்ளானிலிருந்து வந்தாள். பள்ளியில் என்னோடு படித்தவள், அவள் அப்பா துறைமுகத்தில் கிளார்க். ஜபப் புத்தகத்துக்குள் வைத்து உறையைக் கொடுத்தாள்.

ராஜம் பேரில் கேட்டு எழுதியிருந்த பத்திரம் கிடைத்துவிட்டது! வாசகசாலைத் தாளில், மா. கையால்:

"தோழர் கா. ராஜம் அவர்களை நான் நேரில் நன்கறிவேன். இவர் நன்னடத்தை உடையவர். உயர்கல்வி பெற முற்றும் தகுதியானவர். கா. மாணிக்கம், செயலாளர்."

நேரில் நன்கறிவானாம். எல்லாப் பத்திரத்திலும் எழுதுகிற வரி, யோசிக்காமல் எழுதியிருக்கிறான். ஆனால் அவன் எழுதியதிலேயே இது ஒன்றுதான் நிஜம்.

சிங்கப்பூர் கல்லூரியில் நான் சேர வேண்டியவை:
1. சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளியிறுதிச் சான்றிதழ். கான்வென்ட் பள்ளித் தலைவி மதரிடம் பத்திரமாக இருக்கிறது.
2. பள்ளிக்கு வெளியே பொறுப்பில் உள்ள ஒருவர் தரும் நன்னடத்தைப் பத்திரம். ஆயிற்று.
3. காப்பாளர் கையெழுத்து. அப்பா வர வேண்டும்.

21ஆம் தேதி, திங்கள், நேரில் போக வேண்டும். படிப்புச் செலவு கல்லூரியே ஏற்கிறது. தங்குவதற்கு அங்குள்ள கன்னிமாடம். பத்திரத்தை மதர் இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுப்பார். தமிழில் 'இவர்' என்று இருப்பதை அவர் பெண்பாலில் போட்டால் யார் தடுக்க முடியும்?

பத்திரம் கணக்குப் புத்தகத்தின் நடுவில். இந்த நோட்டு கரி டின்னுக்குள்.

மே 9, புதன்

சோறு அடிப்பிடித்தது. நான் ரசாயனப் புத்தகம் படித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கவில்லை. தப்பு என்மேல்தான்.

மா. குடையால் அடித்தான். முதுகு 4, தோள் 1. குடைக்கம்பி ஒன்று உடைந்தது, அதற்கும் திட்டு எனக்கே. பிறகு அண்ணியை அடித்தான், சோறு கருகும் வாசனை தெரியாதா என்று. தனலெட்சுமி அண்ணி அழவே மாட்டாள். கல்யாணமாகி வந்த நாளாக எனக்குத் தெரிந்து ஒரு சொட்டுக் கூட இல்லை. என் முதுகுக்கு விளக்கெண்ணெய் தடவினாள்.

கொதிக்கிற கஞ்சியை அவன் தலையில் ஊற்றினால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். ஒரு தடவை அல்ல. சாயங்காலம் முழுக்க நினைத்தேன். அவன் கத்துவது கூடக் கேட்டது.

பூனை குட்டி போட்டிருக்கிறது, விறகுக்குப் பின்னால். மூன்று.

மே 15, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். கோணல். மெதுவாகத்தான் வருகிறது.

ஞாயிறு காலை பத்து மணி. வாசகசாலை, கடைக்கு மேல்மாடி. நாற்பது ஆண்கள் இருக்கலாம். மேரியும் நானும் படியேறினோம். மா. மேசைக்குப் பின்னால், நான் தேய்த்த கோட்டில். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"பாப்பா? அப்பாவுக்கு ஏதாச்சுமா? என்ஜினா?"

அந்த ஒரு நொடி அவன் என் அண்ணன். அதை மறக்காமல் எழுதி வைக்கிறேன்.

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. நான்தான் கிள்ளான் ராஜம். தீர்மானத்துக்குப் பேச வந்திருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். நான் பேச ஆரம்பித்தேன். தோழர் என்ற சொல்லில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை, நீங்களே ஒரு வருஷமாக என்னை அப்படித்தான் அழைத்தீர்கள் என்றேன். அதற்குமேல் பேச விடவில்லை.

"செயலாளர் வீட்டுப் பொம்பளையாமே!"
"தங்கச்சிக்கு லெட்டர் எழுதிக் கொடுக்கிறதே இவன்தானோ?"
"வெளிய தள்ளுங்கய்யா!"

நாற்காலி பறந்தது. மேரியின் காதில் பட்டு ரத்தம். மா. மேசையைத் தாண்டி வந்து என் பின்னலைக் கையில் சுற்றி இழுத்தான். மேசைமேல் கூட்டத்துக்கு அடிக்கிற பித்தளை மணி. எடுத்தேன். நெற்றியில் அடித்தேன். ஒரு முறை போதாது என்று இன்னொரு முறை. மணி ஒலித்தது. கோட்டெல்லாம் ரத்தம். கோட்டைத் தேய்க்க எவ்வளவு கரி போயிற்று என்று அப்போது நினைத்தேன், பைத்தியக்காரி.

படியில் இழுத்துக்கொண்டு இறங்கினான். தெரு முழுக்கப் பார்த்தது. ஒருவரும் கை நீட்டவில்லை.

வீட்டில் கேட்டது ஒன்றேதான். "எங்கடி அந்தக் காகிதம்? ஊர் சிரிக்குது. நான் கையெழுத்துப் போட்ட காகிதம் எங்க?" சொல்லவில்லை. வலது மணிக்கட்டை நிலைப்படியில் வைத்துக் கதவைச் சாத்தினான். இரண்டு தரம். எலும்பு முறிகிற சத்தம் விறகு முறிவது போலத்தான் இருந்தது.

அப்புறம் என் புத்தகம் அத்தனையும் வெந்நீர் அடுப்பில். கணக்கு, ரசாயனம், பூகோளம். கணக்குப் புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, அப்படியே போட்டான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பத்திரம் போயிற்று.

மே 17, வியாழன்

அப்பா நேற்று மத்தியானம் வந்தார். மகன் நெற்றியில் தையல், மகள் கையில் மூங்கில் பத்தை. இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

"இவளுக்குக் கை ஒடிச்சது நீதானே?"

"ஆமா. என் மண்டைய உடைச்சது அவதான்."

பெல்ட்டை உருவினார். அவனுக்கு நாலு, எனக்கு நாலு. எண்ணினேன், ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. இந்த பிரிக்பீல்ட்ஸிலேயே ஆண் பெண் வித்தியாசம் பார்க்காத ஒரே மனிதர் என் அப்பாதான்.

சாப்பிட்ட பிறகு, இந்த நோட்டுக்குள் தப்பியிருந்த கல்லூரிப் படிவத்தை நீட்டினேன். படிக்கவில்லை, தள்ளிவிட்டார்.

"கையெழுத்துப் போட்டா இவன் வீட்டவிட்டுப் போயிருவேங்கறான். வயசான காலத்துல எனக்குச் சோறு போடப்போறது யாரு? நீயா?"

"ஆமா, நான்தான்."

"கல்யாணம் பண்ணிக் கொடுத்தா நீ எவன் வீட்டுல இருப்பியோ."

இன்று விடிகாலை மறுபடி லைனுக்குப் போய்விட்டார். பத்திரமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. மா. சொல்கிறான், அடுத்த மாதம் கல்யாணமாம். மாப்பிள்ளைக்கு இரண்டாந்தாரம்.

மே 18, வெள்ளி

கை வீங்கியிருக்கிறது. மழை இல்லை.

மா. வேலைக்குப் போனதும் அண்ணி கதவைத் தாழிட்டாள். புளிப்பானைக்குள் கைவிட்டு, வாழைச்சருகில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். பிரித்தால், பத்திரம்! ஓரத்தில் புளிக்கறை. ஒரு எழுத்தும் அழியவில்லை.

அண்ணிக்கு வாசிக்கத் தெரியாதே.

"கூட்டத்துக்கு நீ போனதுமே புஸ்தகத்துலேருந்து எடுத்துட்டேன். அடியில அவரு கையெழுத்து. அது எனக்குத் தெரியும்."

"ராஜம் நான்தான்னு தெரியுமா அண்ணி?"

"டோபிக்கு லிஸ்ட் எழுதுறியே, கோட்டுன்னு. அந்தக் 'கோ'வுக்கு ஒரு கொம்பு போடுவ பாரு, மாட்டுக் கொம்பாட்டம். அவரு பையில இருக்கற லெட்டர்லயும் அதே கொம்பு. ஒரு வருசமாத் தெரியும்."

ஒரு வருஷம்! அவன் என் கடிதத்தைப் புகழ்ந்து வாசித்த ஒவ்வொரு இரவும் இவள் சோறு பரிமாறிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல். கட்டிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை.

காப்பாளர் கையெழுத்துக்கு என்ன செய்வது என்றேன். படிவத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காப்பாளர் ஆம்பளயாத்தான் இருக்கணும்னு போட்டிருக்கா?"

வாசித்தேன். போடவில்லை. இங்கேயும் யாருக்கும் தோன்றவில்லை.

மத்தியானம் முழுக்கத் தரையில் கரிக்கட்டியால். த, ன, லெ. எனக்கு இடது கை, அவளுக்கு முதல் கை, இருவருக்கும் கோணல். நூறு தடவை எழுதி அழித்தோம். நாலு மணிக்கு மையில் போட்டாள். 'ட்'டுக்குப் புள்ளி இல்லை. பிறகு தானே கண்டுபிடித்து வைத்தாள். மை பெரிதாகப் பரவிவிட்டது. உறவு: அண்ணி.

"நீ போனதும் அடி எனக்குத்தான்லா விழும்" என்றாள், உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கிற குரலில். நீயும் வா என்றேன். "போ, போ. பூனைக்குட்டிய யாரு பாக்கறது?"

மே 19, சனி. ரயில்

பெட்டி ஆடுகிறது, எழுத்தும் ஆடுகிறது. எதிரில் மேரி, காதில் பஞ்சு. மடியில் உறை. வரும் வழியில் மதர் பெயர்த்துக் கொடுத்த தாளும் சான்றிதழும் அதில்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். மா. சீக்கிரம் எழுந்துவிட்டான். அறைக்குள்ளிருந்து என் மூட்டையைப் பார்த்தான். செருப்பைக்கூடப் போடாமல் வந்தான்.

அண்ணி அறை வாசலில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். குறுக்கே. அலகு அவன் பக்கம்.

"எந்திரிடி."

"காய் நறுக்கறேன்."

"காய் எங்கடி?"

அண்ணி என்னைப் பார்த்துப் பின்வாசல் பக்கம் தலையை அசைத்தாள். ஓடினேன். குழாயடி வரை வந்ததும் உள்ளேயிருந்து ஒரு அலறல். யாருடையது என்று தெரியவில்லை. திரும்பவில்லை.

காஜாங் ஸ்டேஷன் தாண்டியாயிற்று. இன்னும் அந்தக் குரல் அவனுடையதா, அண்ணியுடையதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.