ஃபைனல் அன்று நீ செய்த மூன்று போன்கள்

கடலூர் முதுநகர்,
மாசி 22, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் கனிமொழிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் உடம்பும் மாப்பிள்ளை உடம்பும் எப்படி இருக்கிறது என்பதை இப்போதெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன், இருந்தாலும் கடிதம் என்றால் கேட்டுத்தானே ஆரம்பிக்க வேண்டும், அதனால் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய் அம்மா. நான் கடிதம் என்று ஒன்று எழுதி இருபது வருஷம் இருக்கும். கம்பெனியில் லீவு லெட்டர் எழுதியதுதான் கடைசி. போனில் பேசினால் நீ இரண்டு வார்த்தையில் அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். வாட்ஸப்பில் எழுதினால் நீ பார்த்துவிட்டதாக நீலக் கோடு காட்டுகிறது, பதில் வருமா என்று அதையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், உன் அம்மாவுக்கு அதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல். கடிதம் என்றால் நீ வேண்டும்போது பிரிக்கலாம், வேண்டாமென்றால் பீரோவில் போட்டுவிடலாம், எனக்குத் தெரியப்போவதில்லை. உன் அத்தை மகள் காயத்ரி குறிஞ்சிப்பாடியில் தனிக்குடித்தனம் போய்விட்டாள், அத்தைக்கு வீடு வெறிச்சோடிப் போய்விட்டதாம், தினம் இரண்டு தடவை எனக்குப் போன் செய்து புலம்புகிறாள். பக்கத்து வீட்டு பிரிசில்லா டீச்சர் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் சொன்னேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை, வெள்ளிக்கிழமை ஜெபத்தில் உன் பெயரைச் சேர்த்திருக்கிறாராம்.

இந்தக் கடிதம் எதற்கு என்று உனக்குத் தெரியும். ஆஸ்திரேலியன் ஓப்பன் டென்னிஸ் ஃபைனல் நடந்த ஞாயிற்றுக்கிழமை, உன் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்த பிள்ளை போயிற்று. அன்று நீ எனக்கு மூன்று முறை போன் செய்தாய், நான் உன்னைப் பேசவிடவில்லை. ஐந்து வாரம் ஆகப்போகிறது. மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன், அம்மாவிடம் கேட்டேன், உன்னிடம் மட்டும் இன்னும் முழுசாகக் கேட்கவில்லை. போனில் ஆரம்பித்தாலே நீ "பரவால்லப்பா விடுங்க" என்கிறாய். பிறந்ததிலிருந்து என்னை வாப்பா போப்பா என்று பேசிய பெண், இப்போது விடுங்க, குடுங்க என்கிறாய். அதை வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன்.

ரிசல்ட்டைச் சொல்லக்கூடாது என்கிற சட்டத்தை நம் வீட்டில் போட்டது நீதான் என்று ஒரு நாள் மனசுக்குள் உன்மேலேயே பழியைப் போடப் பார்த்தேன், அவ்வளவு கேவலமான புத்தி. நீ ஒன்பதாவது படிக்கும்போது நான் நைட் ஷிப்ட் முடித்து சிப்காட்டிலிருந்து ஆறரை மணிக்கு வருவேன், நீ ஸ்கூல் யூனிபார்மோடு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாய். பதினைந்து, முப்பது, அப்புறம் ஏன் நாற்பது, நாற்பத்தைந்துதானே வரவேண்டும் என்று நீ கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாமல், அது வெள்ளைக்காரன் கணக்கு என்று சொல்லிச் சமாளித்தேன். அப்படித்தான் இரண்டு பேரும் சேர்ந்து பைத்தியமானோம். நீ சிதம்பரத்தில் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு பகலில் டிவி பார்க்க வழியில்லை. சனிக்கிழமை பஸ் ஏறி வந்து மறுஒளிபரப்பில்தான் பார்ப்பாய். வாசல்படி ஏறும்போதே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது, நான் இன்னும் பாக்கல" என்று கத்திக்கொண்டு வருவாய். உனக்காக நான் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் கத்தரித்து எடுத்து வைத்திருப்பேன். எனக்கு ரிசல்ட் தெரிந்திருந்தும் உன்னோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பிரேக் பாயிண்ட்டுக்கும் புதுசாகப் பதறுவேன். எனக்கு நடிக்கத் தெரியாது என்று உன் அம்மா சொல்வாள், அந்த ஒன்று மட்டும் நன்றாக நடித்தேன்.

இந்த வருஷம் ஃபைனல் அன்றே காயத்ரி கல்யாணம் ஸ்ரீமுஷ்ணத்தில் வந்துவிட்டது. நான் தாய்மாமன், பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவைக்கிற வரைக்கும் நகர முடியாது. மேட்ச் நம் நேரத்துக்கு இரண்டு மணி. சரி, சாயங்காலம் வீட்டுக்குப் போய் முதலிலிருந்து போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர்கள் வரைக்கும் சொல்லி வைத்தேன். உன் கதிர்வேல் மாமா, "தாய்மாமன் கல்யாணத்துக்கு வந்துருக்காரா, மேட்ச்சுக்கு வந்துருக்காரா" என்று மண்டபம் முழுக்கக் கேட்டுச் சிரித்தார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. போன வருஷம் உன் அம்மா யார் அனுப்பிய மெசேஜையோ பார்த்துவிட்டு "உங்க ஆளு தோத்துட்டாராமே" என்று போட்டு உடைத்தாளே, அந்தப் பயத்தில் இந்தத் தடவை சாப்பாடு முடிந்ததும் அவள் போனையும் வாங்கி, ஆஃப் செய்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். என் போனை மட்டும், வேன்காரர் கூப்பிடுவார் என்பதால் ஆன் செய்து வைத்திருந்தேன்.

மூன்று மணிக்கு உன் பெயர் வந்தது. மேட்ச் நடக்கிற நேரம், நீ இருப்பதோ மேட்ச் நடக்கிற ஊர், எனக்கு வேறு எந்த நினைப்பும் வரவில்லை கனி. பிள்ளை ஆர்வத்தில் மறந்துபோய்க் கூப்பிடுகிறாள் என்று சிரித்துக்கொண்டே கட் செய்தேன். மறுபடி வந்தது, மறுபடியும் கட் செய்தேன். மூன்றாவது தடவை எடுத்தேன். நீ "அப்பா" என்றாய். குரல் ஒரு மாதிரி இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன், நம்ம ஆள் முதல் செட்டை விட்டுவிட்டார் போலிருக்கிறது, அதுதான் பெண் அழுகிறாள் என்று நினைத்தேன். "சொல்லாத சொல்லாத, நான் இன்னும் பாக்கல, காலையில நானே பண்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டு என் போனையும் அணைத்துவிட்டேன். யார் என்று மாமா கேட்டார். கனிதான், ஸ்கோர் சொல்ல வந்துவிட்டாள் என்றேன். சுற்றி நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். அந்த நேரத்தில் நீ ஆஸ்பத்திரியில், மாப்பிள்ளை வேலை விஷயமாகப் பெர்த்துக்குப் போயிருந்ததால் தனியாக, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடச் சொன்ன காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். பட்டு வேட்டியைக்கூட மாற்றவில்லை. செயலியைத் திறந்தால் முகப்பிலேயே கோப்பையோடு படம் போட்டுவிடுவான் என்று டிவியின் மேல் பாதியைத் துண்டால் மூடிக்கொண்டு தேடிப் போட்டேன். அம்மா போனைக் கேட்டாள், மேட்ச் முடியட்டும் என்றேன். ஐந்து செட், நம்ம ஆள் முதல் இரண்டையும் ஜெயித்துவிட்டு மற்ற மூன்றையும் விட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், கடைசிச் செட்டில் அவர் டபுள் ஃபால்ட் போட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்று நான் அழுதது அதற்குத்தான் என்று நினைக்கும்போது என்னையே காறித் துப்பத் தோன்றுகிறது.

மறுநாள் காலையில் காபி குடித்த கையோடு உனக்குப் போட்டேன். நீ எடுத்தாய். எப்படி இருக்கிறாய் என்றுகூட நான் கேட்கவில்லை. மூன்றாவது செட்டில் அவர் ஏன் வலைக்கு ஓடிவந்தார், டைபிரேக்கரில் எதற்கு அந்த டிராப் ஷாட் என்று ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. நீ ம், ம் என்றாய். நல்ல மேட்ச் இல்லையா என்றேன். "நல்ல மேட்ச்சுப்பா" என்றாய். காயத்ரி கல்யாணம் நல்லபடியாக நடந்ததா என்று கேட்டாய். டயர்டாக இருக்கிறது, வைத்துவிடட்டுமா என்று கேட்டாய். நேற்று முழுக்க மேட்ச் பார்த்திருப்பாய், போய்ப் படு என்று சொன்னேன். நான் அப்படிச் சொன்னதைக் கேட்டுவிட்டும் நீ சரிப்பா என்றுதான் சொன்னாய். இருபத்திமூன்று நிமிஷம் பேசியதாக என் போனில் இருக்கிறது. நீ ஏன் அப்போது சொல்லவில்லை என்று நான் ஒருநாளும் உன்னைக் கேட்கமாட்டேன். நான் எங்கே இடம் கொடுத்தேன்.

அம்மா தன் போனை ஆன் செய்து, உன் நம்பரிலிருந்து ஆறு தடவை வந்திருக்கிறதே என்றாள். அது ஸ்கோர் சொல்ல, நான் பேசிவிட்டேன் என்று அவளையும் அடக்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை கூப்பிட்டார். அம்மா அப்போதுதான் சங்கரா மீன் வாங்கி வந்து கழுவிக்கொண்டிருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் அழுதாள். அப்புறம் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "அன்னிக்கி என் போனு எங்க இருந்துது?" அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள். ஆனால் போனை இடுப்பிலேயே சொருகி வைத்திருக்கிறாள், குளிக்கப் போனாலும் பாத்ரூமுக்கு எடுத்துப் போகிறாள்.

பங்குனி பதினைந்துக்கு அம்மா அங்கே வருவதற்கு மாப்பிள்ளை டிக்கெட் போட்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் போடட்டுமா என்று முதலில் கேட்டார், கனியைக் கேளுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து, "அத்தை மட்டும் மொதல்ல வரட்டும் மாமா" என்றார். நல்ல பிள்ளை, அதைச் சொல்ல அவர் பட்ட கஷ்டம் எனக்குப் புரிந்தது. நான் சென்னை வரைக்கும் வந்து அம்மாவை ஏற்றிவிட்டுத் திரும்புவேன், என்னைப் பற்றி நீ ஒன்றும் யோசிக்க வேண்டாம். அவள் இட்லிப் பொடி, பூண்டு ஊறுகாய், சுக்குத்தூள் எல்லாம் கட்டி வைத்துக்கொண்டிருக்கிறாள், ஏர்போர்ட்டில் எதை விடுவார்கள் எதைத் தூக்கிப் போடுவார்கள் என்று மாப்பிள்ளையை ஒரு லிஸ்ட் அனுப்பச் சொல். நீ இரண்டே வாரத்தில் வேலைக்குப் போய்விட்டாயாம். வீட்டில் உட்கார்ந்திருந்தால் நினைப்பு வரும் என்று போயிருப்பாய், தப்புச் சொல்லவில்லை, ஆனால் உடம்பு உன் பேச்சைக் கேட்காது அம்மா. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதே. பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே. அம்மா வந்ததும் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழு, அடக்கி வைக்காதே, அவளும் அதற்காகத்தான் வருகிறாள்.

மூன்று நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, மாசி மகம். அம்மாவோடு தேவனாம்பட்டினம் போயிருந்தேன். சாமிகள் எல்லாம் கடலுக்கு வந்திருந்தன, நல்ல கூட்டம். அம்மா முழுக்குப் போடத் தண்ணீரில் இறங்கினாள். மணலில் வரிசையாக உட்கார்ந்து திதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, நானும் போய் ஒரு ஐயர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். யாருக்கு என்று கேட்டார். பேரப்பிள்ளைக்கு என்றேன். பெயர் சொல்லுங்க என்றார். எனக்குத் தெரியவில்லை. பிறக்கவே இல்லை சாமி என்றேன். அவர் தர்ப்பையைக் கீழே வைத்துவிட்டு, பிறக்காத பிள்ளைக்குத் திதி கிடையாது, எழுந்திருங்க பெரியவரே என்று தன்மையாகத்தான் சொன்னார். எழுந்து வந்துவிட்டேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடும் ஆரோக்கியத்தோடும் இருக்க வேண்டும், அம்மாவும் நானும் உங்களை மனசார வாழ்த்துகிறோம். அம்மா கிளம்பும் முன்பு உனக்கு வேண்டியதெல்லாம் எழுதி அனுப்பு, மறந்துவிடாதே. இன்னொன்று கேட்கவேண்டும், கோபித்துக்கொள்ளாதே. ஐந்து மாதம் சுமந்தவள் மனசுக்குள் ஒரு பெயராவது வைத்துக் கூப்பிட்டிருப்பாய். அது என்ன என்று என்றைக்காவது எனக்குச் சொல்லத் தோன்றினால் போன் செய் அம்மா. எத்தனை நேரமானாலும் நான் பேசமாட்டேன், கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பழனிவேல்