நூல் புடவைக்கு இரண்டு முடிச்சு

அண்ணி,

புதுச் சரட்டின் மஞ்சள் இன்னும் என் விரலை விட்டுப் போகவில்லை. இன்று ஆடிப் பதினெட்டு. ஏரிக்கரையில் தாலிச் சரடு மாற்றிக்கொண்டு வந்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். நேரில் உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். மனசுக்குள் நாற்பத்தாறு வருஷமும் ‘நீ’தான். இனி எதற்கு மறைப்பது? ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து கோணலாக இருக்கும். ஞாபகம் கோணாது. அது உனக்கே தெரியும்.

காலையில் மருமகள் கம்பெனி ஆளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டு முறை ‘லூஸ்’ என்றாள். போனை வைக்கட்டும் என்று காத்திருந்து, “யார லூசுன்ற?” என்றேன்.

“அய்யோ அத்த, உங்கள இல்ல” என்று சிரித்துவிட்டு விளக்கினாள். லூஸ் எண்ட் என்றால் முடிச்சுப் போடாமல் தொங்குகிற கயிற்று நுனியாம். முக்கால்வாசி செய்து மிச்சம் விட்ட வேலையை இங்கிலீஷில் அப்படிச் சொல்வார்களாம். எல்லாம் ஆகி ஒரு கையெழுத்து மட்டும் நின்றுபோனால் அது ஒரு நுனி. கதை முடிந்தும், நடுவில் காணாமல் போனவள் என்ன ஆனாள் என்று தெரியாவிட்டால் அதுவும் நுனிதான். எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டுமாம்.

வெள்ளைக்காரன் என் கல்யாணத்துக்கு வந்திருப்பான் போலிருக்கிறது.

அந்த வருஷம் ஏரி நிரம்பவில்லை. எங்கள் அப்பா உனக்கு நாத்தனார் சீராகச் சொன்ன பட்டுப் புடவையை எடுக்க முடியாமல் நூல் புடவை வைத்தார். உன் தம்பி முதல் முடிச்சைப் போட்டார். மற்ற இரண்டும் நாத்தனாராக நீ போட வேண்டியவை. பின்னால் நின்று நீ ஒன்றைப் போட்டாய். பிறகு என் காதருகே குனிந்து, “நூல் பொடவைக்கு ரெண்டு முடிச்சு போதும்” என்று கையை விட்டாய். கெட்டிமேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அன்று சாயங்காலம் பின்கழுத்தில் விரலை வைத்து எண்ணிப் பார்த்தேன். இரண்டுதான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கோபம் ஆறிவிடும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் கூரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாய். சரடும் நீயே கொண்டுவருவாய். ஒருவரையும் கிட்டே விடாமல் மூன்று முடிச்சும் நீயே போடுவாய். மூன்றாவதை எப்படி இறுக்குவாய்! மறுவருஷம் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டும். என்னை வதைப்பதற்கென்றே செய்கிறாய் என்று நினைத்தேன். வேறு மாதிரி நினைக்க எனக்கு மனசு வரவில்லை.

போன தையில் நீ படுத்த படுக்கையானபோது பார்க்க வந்தேன். கஞ்சிக் கிண்ணத்தோடு குனிந்தேன். உன் கை என் கழுத்துக்கு வந்தது. சரட்டைத் தடவிக்கொண்டே போய் முடிச்சுகளைத் தேடியது.

“மூணு முடிச்சும் கீதா?” என்றாய்.

“கீது. கஞ்சி குடிங்க.”

“அன்னிக்குப் பந்தல்ல…” என்று ஆரம்பித்தாய்.

“பழசெல்லாம் இப்ப இன்னாத்துக்கு?” என்று ஸ்பூனை வாயில் வைத்துவிட்டேன்.

பக்கத்திலிருந்த உன் மகள், அத்தைக்கு எவ்வளவு பெரிய மனசு என்றாள். மனசுமில்லை, மண்ணுமில்லை. நீ சொல்லிவிட்டால் நான் விட்டுக்கொடுக்க வேண்டிவரும். இத்தனை வருஷம் வளர்த்த கோபத்தை ஒரு வாய்க் கஞ்சிக்குள் எப்படிக் கரைப்பது? நாலு நாளில் நீ போய்விட்டாய்.

இன்று ஏரிக்கரையில் மருமகள்தான் முடிச்சுப் போட்டாள். மூன்றாவது வந்ததும், “பல்லால கடிச்சி அவுக்கிற மாதிரி இறுக்கு” என்றேன். வலிக்குமே அத்த என்று தயங்கினாள். வலிக்கட்டும் என்றேன். எவ்வளவு இறுக்கியும் உன் கை வரவில்லை அவளுக்கு.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் இன்னொன்றும் சொன்னாள். அந்தச் சொல் வேலைக்கு மட்டுமில்லையாம், ஆளுக்கும் உண்டாம். கைக்கு வேலையில்லாமல், இனி என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறவரையும் நுனியில் நிற்கிறார் என்றே சொல்வார்களாம். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். உன்மேல் கோபமாக இருப்பதுதான் இத்தனை வருஷம் என் வேலை. நீ போனபின் அதை யார்மேல் செய்வது?

கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. இப்போதும் பின்கழுத்தைத் தடவினால் மூன்று முடிச்சு இருக்கிறது. அதற்கு மேலே, அன்றைக்கு நான் ஸ்பூனால் அடைத்த உன் பேச்சு தொங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது கேட்கிறேன்.

அன்றைக்குப் பந்தலில்? சொல்லு அண்ணி.